கல் கரைந்த அளவு

பாலக்கோட்டுக்கு மேற்கே
எழுநூற்றிருபது அடி.
தொப்பையன் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற
அதே இடத்தைத்தான்
ஜியாலஜிஸ்ட் அன்வர் பாஷாவின் மீட்டரும் காட்டியது.
இரண்டு பேரும் தனித்தனியாகக்
கூலி வாங்கிக்கொண்டார்கள்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தண்ணீர் வந்தது.
கோயில் கமிட்டி
மோட்டாருக்கு மாலை போட்டது.

எனக்கு வந்தது ஒரு லிட்டர்,
பழைய கலர் பாட்டிலில்,
கழுத்தில் மஞ்சள் கயிறோடு.
நிறம்: இல்லை. மணம்: இல்லை.
சுவை: ஆட்சேபணை இல்லை.
படிவம் அப்படித்தான் பேசும்.
சிவப்புச் சாயம் விட்டுக் காத்திருந்தேன்.
ஃபுளோரைடு இருந்தால் சிவப்பு வெளுக்கும்.
வெளுத்தது.
மூன்று புள்ளி நான்கு.
ஒன்றரையைத் தாண்டக் கூடாது.

அழுது கும்பிட்டால் கல்லும் கரையும் என்பார்கள்.
கும்பிடாமலும் கரைகிறது.
என் வேலை அதை அளப்பது,
லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று.
கரைந்த கல் முதலில் பல்லுக்குப் போகும்,
பிறகு முழங்காலுக்கு.
மூன்றாம் வகுப்பு குரூப் போட்டோவில்
ஹேமலதா மட்டும்
வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமை அறிக்கையோடு போனேன்.
அம்மனுக்கு அபிஷேகம்.
இந்தப் பாறையில் வெட்டிய கருங்கல்தான் அவளும்.
தாய் கசிந்த தண்ணீரை
மகள் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார் பூசாரி மாதையன்.
“எத்தனைங்க?”
சொன்னேன்.
“பழைய போர்த் தண்ணியும் இதே பாறைதான்.
முப்பது வருசமா ஊத்தறேன்,
இவளுக்கு ஒண்ணும் ஆகலியே.”
சிரித்தார். பல்லெல்லாம் காவி.
“அவள் குடிப்பதில்லையே” என்றேன்.
குடத்தைக் கீழே வைத்துவிட்டு
வெகுநேரம் அவளைப் பார்த்தார்.
“அது சரி.”
எத்தனை மடங்களில் எத்தனை பேர்
எத்தனை இரவு வாதாடிய விஷயமோ அது,
இவ்வளவு சின்னதாக முடிந்தது.

கமிட்டிச் செயலாளர் போனை நீட்டினார்:
ஆரத்தி ஒரு விஞ்ஞானம்,
மஞ்சளும் சுண்ணாம்பும் சிவப்பது வேதியியல்,
நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல,
பத்துப் பேருக்கு அனுப்பவும்.
சிவக்கும்தான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்.
ஆனால் டெங்கு வார்டிலிருந்து
என் மகன் வீடு திரும்பிய இரவில்
வாசலில் சுற்றிய தட்டில்
நான் வேதியியல் பார்க்கவில்லை.
கை நடுங்கியது, அவ்வளவுதான்.
அதற்கு யாரும் எனக்கு
விளக்கம் எழுதித் தர வேண்டாம்.
மூன்று புள்ளி நான்கை
அம்மன் சித்தம் என்று எழுதவும்
என்னால் முடியாது.

செம்புக் கரண்டியில் தீர்த்தம்.
கை தானாக நீண்டது.
ஐந்து மில்லி. மனம் பெருக்கியது:
பூச்சியம் புள்ளி பூச்சியம் ஒன்று ஏழு மில்லிகிராம்.
ஒன்றும் செய்யாது.
குடித்தேன்.
கணக்குப் பார்த்துக் குடித்தது
பக்தியா, பழக்கமா,
பூசாரி மனசு நோகக் கூடாதென்றா?
தண்ணீர் இறங்கிவிட்டது.
கேள்வி தொண்டையில் நின்றது.

போகும்போது குழாய்மேல்
சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டேன்.
குடிக்காதே என்று பொருள்.

மறுவாரம்
குறியைச் சுற்றி மஞ்சள் பூசியிருந்தது.
அடியில் இரண்டு எலுமிச்சை,
ஒரு கற்பூரக் கறை.
அந்தக் குழாயில் யாரும் குடம் வைப்பதில்லையாம்.
எல்லோரும் தெருமுனையில்,
ஒகேனக்கல் தண்ணீருக்கு வரிசையில்.
என் அறிக்கை கமிட்டி பீரோவில்
மடித்தபடி இருந்தது.

ஹேமலதா வரிசையை விட்டு வந்தாள்.
ஒரு கை வாய்மேல்.
விரல்களுக்கு இடையிலிருந்து கேட்டாள்:
“அந்தச் சாமி பேரு என்னக்கா?”

ஃபு
என்று தொடங்கினேன்.
அவள் குடம் நிரம்பி வழிய,
ஓடிவிட்டாள்.